புறக்காழ், அகக்காழ், மூன்றரை டீக்கி

நான் செதுக்கிய முதல் டீக்கி, அதாவது பசிபிக் தீவுப் பாணி மரச்சிலை, 14 மாதம் நின்றது. ஒரு நாள் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே நகரும்போது தோள் லேசாக அதன் மேல் இடித்தது, அவ்வளவுதான், 4 அடி உருவம் எந்த அவசரமும் இல்லாமல் சாய்ந்து வாழைக்கன்றின் மேல் படுத்துக்கொண்டது. அடியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஓடு மாதிரி வெளியே ஒரு விரல் கனம், உள்ளே ஈரத் தூள், அந்தத் தூளுக்குள் கரையான். முகம் மட்டும் கெடாமல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மூன்று வார இறுதிகளை விழுங்கிய முகம் அது.

தோட்டத்தின் பின்மூலையில் ஓலைக்கூரை போட்ட ஒரு சின்ன உட்காருமிடம், சுற்றிலும் அகல இலைச் செடிகள், நடுவே பசிபிக் தீவுகளில் இருப்பது போன்ற நாலைந்து மரமுகங்கள் என்று ஒரு கனவு எனக்கு இருந்தது. கூரையும் செடிகளும் இரண்டு மாதத்தில் முடிந்தன. மரமுகங்கள்தான் மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. இதுவரை மூன்றரை ஆகியிருக்கிறது. ஒன்று விழுந்தது, ஒன்று பிளந்தது, ஒன்று நிற்கிறது, அரை இன்னும் பட்டறை மேல் கிடக்கிறது. (டிக்கி என்று எழுதினால் காரின் பின்பக்கம்தான் நினைவுக்கு வரும் என்பதால் டீக்கி என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

உளியைத் தொடும் முன்பே எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டீக்கி என்பது பாலினேசியத் தீவுகளின் சொல். மார்க்கேசஸ் தீவுகளில் தெய்வமாகிவிட்ட மூதாதையரின் உருவத்துக்கு அந்தப் பெயர். நியூசிலாந்து மாவோரிகளின் சில கதைகளில் முதல் மனிதனின் பெயரே டீக்கி. ஹவாயில் இதே சொல் கிஈ என்று ஒலிக்கும். இன்று விடுதிகளிலும் தோட்டங்களிலும் பார்க்கிற சிரிக்கும் முகங்கள் பெரும்பாலும் 1930களில் அமெரிக்காவில் பிறந்தவை. ஹாலிவுட்டில் டான் த பீச்கோம்பர், ஓக்லண்டில் ட்ரேடர் விக்ஸ் என்று இரண்டு விடுதிகள் அந்த மோஸ்தரைக் கிளப்பிவிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்து பசிபிக்கிலிருந்து வீரர்கள் திரும்பினார்கள், 1959இல் ஹவாய் ஒரு மாநிலமானது, அதற்குள் வீட்டுக்கு வீடு தோட்டத்தில் ஒரு மரமுகம் என்கிற அளவுக்கு அது போய்விட்டது. மார்க்கேசஸின் கண், ஹவாயின் வாய், ஈஸ்டர் தீவின் நெற்றி எல்லாம் ஒரே கட்டையில் கலந்ததும் அப்போதுதான். ஈஸ்டர் தீவின் மோஆய் சிலைகள் கல்லில் ஆனவை, வேறு கதை, ஆனால் அந்த மோஸ்தர் அதையெல்லாம் பார்க்கவில்லை.

அசலின் கதை அவ்வளவு ஜாலியானது இல்லை. 1819இல் ஹவாயின் பழைய விலக்கு முறையான கபு கைவிடப்பட்டபோது கோயில் உருவங்கள் பலவும் எரிக்கப்பட்டன. கூ என்ற தெய்வத்தின் பெரிய கோயில் சிலைகளில் இன்று உலகத்தில் மிச்சம் இருப்பவை மூன்றுதான். ஒன்று ஹொனலுலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், ஒன்று அமெரிக்காவின் சேலம் நகரில் பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில். 2010இல் மூன்றையும் ஹொனலுலுவில் ஒன்றாக நிறுத்தினார்கள். இதைப் படித்த பிறகு கூவின் முகத்தை அப்படியே எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் நட எனக்கு மனம் வரவில்லை. அகலக் கண், பரந்த வாய், மடங்கிய முழங்கால், வயிற்றின் மேல் கை என்கிற பொதுவான அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். முகம் என் கற்பனை. இது சரியா தவறா என்று இன்னொருவருக்குத் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை, எனக்கு இப்படித்தான் தூக்கம் வருகிறது.

சரி, மரத்துக்கு வருவோம். என் தோல்விகள் எல்லாமே மரத்தில்தான் தொடங்கின, உளியில் இல்லை.

முதல் டீக்கி தென்னை. யாரோ வெட்டிப் போட்ட மரத்தில் 4 அடித் துண்டு சும்மா கிடைத்தது, சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள். தூக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பச்சைத் தென்னை என்பது பாதி தண்ணீர். இரண்டு பேர் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்தோம். செதுக்க ஆரம்பித்தபோது முதல் ஒன்றரை அங்குலம் பிரமாதமாக வந்தது, கருந்தவிட்டு நிறத்தில் கோடு கோடாக, உளி பட்ட இடம் மின்னியது. அந்தச் சந்தோஷத்தில் கண்குழியை இன்னும் ஆழமாக்கலாம் என்று தோண்டிக்கொண்டே போனேன். திடீரென்று உளி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. வந்தது சீவல் இல்லை, சோறு. நார் நாராக, பஞ்சு மாதிரி. எந்த உளி வைத்தாலும் வெட்டாமல் பிய்ந்துகொண்டு வந்தது.

பள்ளியில் படித்து மறந்துபோன ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொல்காப்பிய மரபியலில் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். புறக்காழ், அகக்காழ். காழ் என்றால் வைரம், மரத்தின் கெட்டியான பகுதி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரி கையில் உளியோடு நிற்கும்போது புரிந்தது. தென்னை, பனை எல்லாம் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே வைக்கிறது. ஆண்டு வளையம் கிடையாது, மற்ற மரங்களைப் போல நடுவில் வைரம் பாய்வதும் கிடையாது. தென்னையின் அடிமரத்து வெளிவட்டத்தில் ஒரு கன மீட்டர் 600 கிலோவுக்கு மேல் இருக்கும், நடுவில் 400க்கும் கீழே இறங்கிவிடும். அதாவது நமக்குக் கிடைப்பது ஒரு கெட்டியான குழாய், அதற்குள் அடைத்த பஞ்சு. டீக்கி முழுவதும் அந்தக் குழாயின் கனத்துக்குள் முடிந்துவிட வேண்டும். துண்டின் குறுக்குவெட்டு முகத்தைப் பார்த்து, கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கிற பட்டை எவ்வளவு அகலம் என்று அளந்து, அதில் முக்கால்வாசிதான் என் ஆழம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு தொடங்கியிருக்க வேண்டும். அடிமரத்தில் அந்தப் பட்டை அகலம், மேலே போகப் போகக் குறையும். அதனால் தென்னையில் செதுக்குகிறவர்கள் அடித்துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

தென்னையில் இன்னொரு விஷயம். பச்சையாக இருக்கும்போது செதுக்கினால்தான் கை வலிக்காது, காய்ந்தால் உளியின் வாயைத் தின்றுவிடும். ஆனால் பச்சையாகவே வைத்திருக்க வேண்டும் என்று நான் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் முகமெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம். தென்னைச்சாற்றில் சர்க்கரை இருக்கிறது, அதற்கு மேல் சூடும் ஈரமும் கொடுத்து மூடி வைத்தால் வேறென்ன நடக்கும்? இப்போது தென்னையென்றால் நாலைந்து நாளுக்குள் வெட்டு வேலையை முடித்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாக நிமிர்த்தி வைத்துவிடுகிறேன்.

அதெல்லாம்கூடப் போகட்டும். முதல் டீக்கியைக் கொன்றது நான் அதை ஒன்றரை அடி மண்ணுக்குள் புதைத்து நட்டது. கம்பம் நடுவது மாதிரி குழி தோண்டி, சுற்றிலும் மண்ணை இடித்து, மேலே தண்ணீர் ஊற்றி, அசையவே அசையாது என்று பெருமைப்பட்டேன். மண்ணைத் தொடும் மரத்துக்கு, அதிலும் வெட்டுமுகம் கீழே இருக்கிற மரத்துக்கு, தண்ணீர் அடியிலிருந்தே ஏறும். கரையானுக்குப் படிக்கட்டு வேறு தேவையில்லை.

இரண்டாவது மா. பெருங்காற்றில் விழுந்த மரம், 14 அங்குல விட்டம், ஆசை ஆசையாக ஒரு துண்டு வாங்கினேன். புல்லில் பட்டது போதும், இனி மரம்தான் என்று ஒரு வைராக்கியம். பட்டையை உரிக்கும்போதே முன்கையில் அரிப்பும் தடிப்பும் வந்தது, மாம்பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, நான் அந்தச் சிலரில் ஒருவன் என்று தெரிந்துகொண்டேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு செதுக்கினேன். முகம் நன்றாகவே வந்தது. முதல் முகத்தைவிட நூறு மடங்கு நன்றாக. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், அப்புறம் எண்ணெய் பூசலாம் என்று வெளியே நிறுத்தினேன். நான்காம் நாள் மதியம் வீட்டுக்குள் இருந்தபோது டப் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் நெற்றி நடுவில் தொடங்கி மூக்கின் வலப்பக்கமாக இறங்கித் தாடை வரைக்கும் ஒரு விரிசல், ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம், அவ்வளவு அகலம்.

எனக்கு உளி பிடிக்கச் சொல்லித் தந்த ஒரு பெரியவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை பார்த்தவர். அவரிடம் படத்தைக் காட்டினேன். “ஐயா, மரம் சரியில்லையோ?” என்றேன். “மரம் சரியாத்தான் இருக்கு தம்பி. நீதான் அது எங்க வெடிக்கணும்னு சொல்லாம விட்டுட்ட” என்றார்.

அந்த ஒரு வரியை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. விஷயம் இதுதான். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது, செல்களின் உள்வெளியில் கொஞ்சம், செல் சுவருக்குள் கொஞ்சம். உள்வெளித் தண்ணீர் போகும்போது மரம் சுருங்குவதில்லை. ஈரம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகு சுவரிலிருந்து தண்ணீர் வெளியேறும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. வளையத்தைச் சுற்றிப் போகிற திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகிற திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுற்றளவு வேகமாகக் குறைகிறது, ஆரம் அந்த அளவுக்குக் குறையவில்லை, அப்போது முழு உருளை எங்காவது ஒரு இடத்தில் கிழிந்துதான் ஆக வேண்டும். இறுக்கமான சட்டையில் பொத்தான் தெறிப்பது போல. வெயிலில் வைத்தால் வெளித்தோல் மட்டும் அவசரமாகக் காய்ந்து இன்னும் மோசமாகும். நான் அதைத்தான் செய்தேன்.

ஆகவே வெடிப்பு வராமல் தடுப்பது நம் வேலை இல்லை, எங்கே வரவேண்டும் என்று இடம் ஒதுக்குவதுதான் வேலை. முகம் செதுக்கும் முன்பே கட்டையின் பின்பக்கத்தில், மேலிருந்து கீழ் வரைக்கும், மையப் புள்ளியைத் தொடும் ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு நேர்வெட்டு போட்டுவிட வேண்டும். சுருக்கமெல்லாம் அந்த வாயைத் திறந்துகொண்டு போய்விடும், முகம் தப்பிக்கும். பெரும்பாலும். இன்னும் நிச்சயம் வேண்டுமானால் கட்டையை மையத்தின் வழியாக இரண்டாகப் பிளந்து பாதியில் செதுக்கலாம், சுவரை ஒட்டி நிற்கிற டீக்கிக்குப் பின்பக்கம் எதற்கு? இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயின்டோ கனமாகப் பூச வேண்டும், ஏனென்றால் வெட்டுமுனை வழியாகத்தான் தண்ணீர் மிக வேகமாக ஓடுகிறது. இதை மரம் வெட்டிய அன்றே செய்ய வேண்டும். மறுவாரம் பூசினால் அதற்குள் நட்சத்திர விரிசல் விழுந்திருக்கும். காயவைத்துச் செதுக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பலகைகளுக்குச் சொல்கிற கைக்கணக்கு. முழு உருளைக்கு அந்தக் கணக்கைப் போட்டால் நம் ஆயுள் போதாது.

மா டீக்கியை நான் தூக்கிப் போடவில்லை. விரிசலில் மரத்தூளும் பசையும் அடைத்துப் பார்த்தேன், அடுத்த மழைக்கு மரம் உப்பி அந்த அடைப்பைத் துப்பிவிட்டது. வெளியே நிற்கிற மரத்தின் விரிசலை நிரப்பாதீர்கள், அது மூடும், திறக்கும், அதன் இஷ்டம். கடைசியில் விரிசலின் ஓரங்களை உளியால் சாய்த்து, நெற்றியிலிருந்து இறங்கும் ஒரு தழும்பு மாதிரி ஆக்கிவிட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள், நான் திருத்துவதில்லை. மாவுக்குப் பூஞ்சணத்தையும் பூச்சியையும் தாங்கும் சக்தி குறைவு என்பதால் கூரைக்குக் கீழேயே நிறுத்தியிருக்கிறேன்.

மூன்றாவதைப் பலாவில் செய்தேன். லண்டனில் இருக்கிற கூ சிலை சீமைப்பலா மரத்தில் செதுக்கியது, நாம் ஈரப்பலா என்றும் சொல்கிறோமே அது. பலாவுக்கு அண்ணன் தம்பி முறை. அந்த உறவுக்காகத்தான் பலா தேடினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், உண்மையில் அப்போது கிடைத்தது அதுதான். ஆனால் உளி இறங்கிய விதத்தைப் பார்த்ததும் ஏன் இத்தனை நாள் இதை விட்டுவைத்தோம் என்று தோன்றியது. மஞ்சளாகத் திறக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தவிட்டு நிறத்துக்குப் போகும். வைரப்பகுதியைக் கரையான் சுலபத்தில் தொடாது. வெளிவட்டத்தில் இருக்கிற வெளுத்த பாகத்துக்கு அந்தத் தைரியம் இல்லை, அதைச் செதுக்கும்போதே முடிந்தவரை எடுத்துவிட்டேன். இதில் தென்னைக்கு நேர்மாறான கணக்கு, உள்ளே போகப் போகத்தான் நல்லது.

செதுக்கும் முறையில் நான் கற்றதில் பாதி இந்தக் கட்டையில்தான். முன்னெல்லாம் கண்ணிலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் கண்தான் செய்ய ஆசையாக இருக்கும். அது தப்பு. மூக்கில் தொடங்க வேண்டும். முகத்தில் மிக உயரமான இடம் மூக்கு, அதை முடிவு செய்தால்தான் மற்றதெல்லாம் எவ்வளவு கீழே என்று தெரியும். கட்டையின் நடுவே ஒரு நேர்கோடு, அது அழியும்போதெல்லாம் மறுபடி வரைய வேண்டும், சோம்பல் பட்டால் மூக்கு கோணிக்கொள்ளும். பிறகு முகத்தின் பாதியை மட்டும் அட்டையில் வெட்டி ஒரு பக்கம் வரைந்து, அதே அட்டையைத் திருப்பி மறுபக்கம் வரைந்தேன். தலை உடம்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். பாலினேசிய நம்பிக்கையில் தலைதான் மனா என்னும் ஆற்றல் தங்கும் இடம், அதனால் பெரிது. நம் கண்ணுக்கும் சின்னத் தலை வைத்த டீக்கி ஏதோ பொம்மை மாதிரிதான் தெரிகிறது.

வெட்டும்போது கோட்டின் மேல் நேராக ஒரு ஆழவெட்டு, அப்புறம் பக்கத்திலிருந்து சாய்வாக அந்த வெட்டை நோக்கிச் சீவுவது. ஆழவெட்டு இல்லாமல் சீவினால் நார் எங்கே போகிறதோ அங்கெல்லாம் உளியும் போகும், என் முதல் டீக்கியின் இடது புருவம் அப்படித்தான் பாதி பெயர்ந்தது. எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. எதிர்த்திசையில் தள்ளினால் மரம் பிளந்துகொண்டு வரும், அந்தச் சத்தமே வேறு மாதிரி இருக்கும், கேட்ட உடனே கையை நிறுத்திப் பழகினால் பாதிச் சேதம் மிச்சம். ஆழம் போதுமா என்று பகலில் பார்த்தால் தெரியாது. இரவில் பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் விழாத இடமெல்லாம் ஆழம் பத்தாத இடம். பத்தடி தள்ளி நின்று பார்க்கப்போகிற உருவத்துக்கு நிழல்தான் முகம், கோடு இல்லை. முதலில் நான் பல்லுக்குப் பல் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன், தூரத்திலிருந்து ஒன்றுமே தெரியவில்லை.

ஆயுதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அகலத் தட்டை உளி, வாய் வளைந்த உளி பெரிதும் சிறிதுமாக இரண்டு, வி வடிவ உளி ஒன்று, ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தியல்). நான் 12 உளி வைத்த பெட்டி வாங்கினேன், எட்டு இன்னும் புதுசாக இருக்கின்றன. அந்தக் காசில் ஒரு நல்ல சாணைக்கல்லும் தோல் பட்டையும் வாங்கியிருக்கலாம். கால் மணிக்கு ஒருமுறை தோலில் தீட்டிக்கொண்டே இருந்தால் சாணைக்குப் போகும் வேலையே குறையும். மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும், கூரிய உளி இல்லை, ஏனென்றால் மழுங்கியதை நாம் பலம் கொடுத்துத் தள்ளுகிறோம். என் இடது கட்டைவிரல் அடியில் இருக்கிற நான்கு தையல் அந்த வகை. இடது கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தள்ளினேன், உளி தாண்டியது. இரண்டு கையும் உளியின் வாய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். கட்டையைப் பிடிப்பது கையின் வேலை இல்லை, பட்டாவின் வேலை. பெருக்கல் குறி போல இரண்டு ஜோடிக் கால்கள் அடித்து, அதன் பள்ளத்தில் கட்டையைப் படுக்கவைத்து, லாரிச் சாமான் கட்டுகிற இறுக்குப் பட்டாவால் கட்டிவிட்டால் நாலுபேர் பிடித்த மாதிரி இருக்கும்.

மெஷினுக்கு வருகிறேன். ஆழமான மரத்தை வேகமாக எடுக்க ஆங்கிள் கிரைண்டரில் செயின் பல் வைத்த வட்டு மாட்டினேன். வேலை பறந்தது. கீழுதடு செதுக்கும்போது வட்டின் மேல்முனை எங்கோ சிக்கி, மெஷின் என் பக்கம் துள்ளி, உதட்டை அப்படியே கவ்விக்கொண்டு போனது. முகக்கவசம் போட்டிருந்தேன், பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், அதனால் இதை எழுதுகிறேன். அந்தப் பல் வட்டை அதன் பிறகு நான் மாட்டவில்லை, அனுபவசாலிகள் திட்டினாலும் பரவாயில்லை. செயின் ரம்பத்திலும் இதே பிசாசு உண்டு, அலகு நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்துக்கு எகிறும், அதனால் நுனியால் குத்திச் செதுக்கும் வித்தையை யாரிடமாவது நேரில் நின்று கற்காமல் தொடாதீர்கள். போன கீழுதட்டுக்குப் பதிலாக வாயை இன்னும் பெரிதாகத் திறந்து எட்டுப் பல் வைத்தேன். முன்னைவிட நன்றாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. உளியில் சீவல்தான் வரும், பயமில்லை. கிரைண்டர், உப்புத்தாள் என்றால் நல்ல மாஸ்க் இல்லாமல் வேண்டாம். மருந்து ஏற்றிய பழைய மின்கம்பம், வேலிக்கட்டை இதெல்லாம் சும்மா கிடைக்கிறதே என்று செதுக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். பழைய மருந்துகளில் ஆர்செனிக் கலந்தவை உண்டு.

பூச்சு விஷயத்தில் எனக்கும் வார்னிஷுக்கும் சண்டை. மா டீக்கிக்குப் படகுக்கு அடிக்கிற வார்னிஷ் மூன்று கோட் அடித்தேன், ஒரு வருடம் தகதகவென்று இருந்தது, அப்புறம் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. மேசையில் உரிந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். நாசித்துளைக்குள்ளும் பல்லிடுக்கிலும் உரிந்ததைச் சுரண்டி எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். இப்போது ஆளி விதை எண்ணெய்தான், காய்ச்சியது என்று போட்டு விற்கிற வகை. உரியாது, வெளுக்கும், வருடத்துக்கு ஒருமுறை தூசி தட்டி மறுபடி தடவினால் முடிந்தது. அதற்கு முன் கேஸ் டார்ச்சால் மேலோட்டமாகக் கருக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுகிறேன். நார்ப்பிசிறெல்லாம் எரிந்துபோகும், பள்ளம் கறுப்பாக நிற்கும், மேடு தேய்ந்து வெளுக்கும். கோடு கோடாகப் பெயின்ட் அடிப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிசிறு அதிகமுள்ள தென்னைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அந்த எண்ணெய்த் துணி பற்றி ஒன்று. துடைத்த பழந்துணிகளை உருண்டையாகச் சுருட்டி ஒரு வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கருகல் வாசனை. வாளியைத் தொட்டால் சூடு, துணிக்குள் கை வைக்க முடியவில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டியாகும்போது சூடு வெளிவரும். விரித்துப் போட்டால் அது காற்றில் போய்விடும், சுருட்டி வைத்தால் உள்ளேயே சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சி வேண்டாம். பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் ஓலைக்கூரை இருந்திருக்காது. துணிகளை வெளியே ஒற்றை மடிப்பாகக் கொடியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மூன்றாவதை மண்ணில் நடவில்லை. கீழே ஒரு கல், கல்லில் துளையிட்டு 16 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அதில் டீக்கியைச் செருகி, இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் கனத்துக்கு வளையம் வைத்து இடைவெளி விட்டேன். காற்று அடியில் போய்வரும். கல்லைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சரளை, மழைத்துளி மண்ணைத் தெறிக்காது. அடி வெட்டுமுகத்துக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை மரம் ஈரமாக இருக்கும்போதே நாலைந்து தடவை ஊட்டினேன், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது எதிரி. ஆனால் தண்ணீரில் கரைவது தண்ணீரிலேயே போய்விடும் என்பதால் மேலே எண்ணெய், அடியில் இடைவெளி இரண்டும் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். தலைமேல் தண்ணீர் தேங்காமல் உச்சியைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துவிட்டேன். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. பின்பக்க ரம்பவெட்டு இப்போது விரலகலம் திறந்திருக்கிறது, முன்னால் ஒரு கீறல்கூட இல்லை. பெரியவர் வந்து முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போய் வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “ம்” என்றார்.

விழுந்த முதல் டீக்கியின் முகத்தை மட்டும் ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருந்த சோற்றையெல்லாம் சுரண்டி எடுத்து, ஓடாகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். முகமூடி மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் தென்னைக்கு அதுதான் இயல்பான வடிவம், முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

அந்த அரை டீக்கி மறுபடியும் தென்னை. இந்த முறை வேர்க்கட்டையோடு பெயர்த்தெடுத்த அடித்துண்டு, தலைகீழாகத் திருப்பினால் வேர்க்கொத்து அப்படியே பரட்டை முடி. டீக்கி செதுக்குகிறவர்கள் நெடுநாளாகச் செய்கிற தந்திரம் இது, நான் கண்டுபிடித்ததில்லை. கெட்டிப்பட்டை இரண்டரை அங்குலம் இருக்கிறது, ஒன்றே முக்காலில் கோடு போட்டு நிறுத்தியிருக்கிறேன். வேருக்குள் மாட்டியிருந்த மண்ணையும் சின்னக் கற்களையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவே ஒரு நாள் போனது, ஒரு கல் மிச்சமிருந்தாலும் உளிவாய் போய்விடும். மூக்கு வரைந்தாயிற்று. முடியை எவ்வளவு நீளம் விடுவது என்பதில்தான் வீட்டில் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் ஒரு சாண் போதும் என்கிறாள், வெட்டினால் திரும்ப முளைக்காது என்பதால் நான் ரம்பத்தை இன்னும் எடுக்கவில்லை.